டிபார்ட்மென்ட் செமினார் ஒண்டும் விளங்குதில்ல, நாங்களே ஒரு படிப்பு செமினார் தொடங்கினா என்ன?

கல்லடிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் பியூர் மெத்ஸ் ஸ்பெஷல் செய்யிற ஃபைனல் இயர். எந்தக் கம்பஸ் எண்டு கேக்காதீங்க. மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் எண்டு மட்டும் வெச்சுக்கொள்ளுங்க, ஊகிச்சாலும் இங்க எழுதாதீங்க.

எங்கட டிபார்ட்மென்ட்ல ரிசர்ச் செமினார் இடைக்கிடை நடக்கும். வெளியில இருந்து ஆரும் வந்தா ஒரு மணித்தியாலம் பேசுவாங்க. முதல் ஸ்லைட்ல தலைப்பு, ரெண்டாவதுல நன்றி, மூண்டாவதுல ஆறு டெஃபினிஷன் ஒரே மூச்சில. அதோட நாங்க எல்லாம் கழண்டுருவம். கடைசியில ஏதும் கேள்வி இருக்கா எண்டு கேட்டா ஹோல் முழுக்க ஃபேன் சத்தம்தான். பிறகு ஒரு சேர் மரியாதைக்கு ஒரு கேள்வி, கைதட்டு, ரோல்ஸ், பிளேன்டீ, சைன் வெச்சிட்டு வெளிய வந்துருவம்.

இப்ப நாங்க கொஞ்சப் பேர் சேந்து ஃபைனைட் குரூப்ஸ்ட ரெப்ரசென்டேஷன் தியரிய, அதாவது குரூப்ல உள்ள ஒவ்வொரு அசைவையும் ஒரு மேட்ரிக்ஸா எழுதிப் பாக்கிறத, நாங்களே படிப்பம் எண்டு யோசிச்சிருக்கம். சிலபஸ்ல அது தொட்டும் தொடாமலும்தான் வருது. கிழமைக்கு ஒராள் போர்டுல நிண்டு ஒரு பகுதியச் சொல்லோணும். இது சரிவருமா? லெக்சரர் ஒராள் இருக்கோணுமா, வேணாமா? இங்கிலீஷ்லயா தமிழ்லயா? அனுபவம் உள்ளாக்கள் சொல்லுங்க.

வாவிமீன்

தம்பி, நான் உங்களுக்குக் கொஞ்சம் முந்தின பெட்ச். இப்ப வெளிநாட்டுல பி.எச்.டி. முதல்ல ஒரு ஆறுதல்: இங்கயும் கிழமைக்கிழமை ரிசர்ச் செமினார் போறன், பாதிக்கு மேல விளங்கிறல்ல. பக்கத்துல இருக்கிற புரொஃபசருக்கும் விளங்கிறல்ல, அவர் அத மறைக்கிறல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரிசர்ச் செமினாருக்குப் போறது அந்தத் தேற்றத்தப் படிக்க இல்ல. ஆர் என்ன கேள்வியில வேலை செய்றாங்க, எந்தச் சொல்லு எந்தச் சொல்லோட சேந்து வருது எண்டு காது பழகத்தான். ஸ்டான்ஃபோர்ட்ல இருக்கிற கணிதப் புரொஃபசர் ரவி வாக்கில் தன்ர மாணவர்களுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்குடுப்பார்: ஒரு பேச்சில இருந்து மூண்டே மூண்டு விசயம் எழுதிக்கொண்டு வா. ஒரு டெஃபினிஷனா இருக்கலாம், ஒரு உதாரணமா இருக்கலாம், ஒரு கேள்வியா இருக்கலாம். மூண்டு கிடைச்சா அந்த ஒரு மணித்தியாலம் வீண்போகல்ல. அடுத்த முறை ரோல்ஸுக்கு முதல் அத எழுதிப் பாருங்க.

படிப்பு செமினார் முழுக்க வேற சாமான். அங்க பேசிற ஆளும் தெரியாத ஆள்தான். பேசிறவர்தான் கூடப் படிக்கிறவர். கேக்கிறாக்கள் அவர விடாமப் பிடிச்சாத்தான் அவங்களுக்கும் ஏதும் மிஞ்சும். பாரிஸ்ல 1948ல தொடங்கின பூர்பக்கி செமினார்ல இண்டைக்கும் பேசிறவர் தன்ர முடிவச் சொல்றல்ல, வேற ஒராள்ர புது முடிவப் படிச்சு விளங்கப்படுத்துவார். அந்த அளவு பெரியாக்களே அடுத்தாள்ர வேலையப் படிச்சு ஒப்பிக்கிறாங்க, நீங்க ஏன் வெக்கப்படோணும்?

விதண்டாவாதி

முதல் கிழமை பன்னெண்டு பேர். ரெண்டாவது கிழமை ஏழு. பிறகு ஐ.சி.ஏ, இடைச் சோதனை வரும், மூண்டு பேர். அதுக்குப் பிறகு வாட்ஸப் குரூப் மட்டும் இருக்கும், அதுல பொங்கலுக்கும் பெருநாளுக்கும் வாழ்த்துப் போடுவீங்க. அந்த நேரத்துல ரெண்டு ஏ.எல் பிள்ளையளுக்குக் கொம்பைன் மெத்ஸ் சொல்லிக்குடுத்தா போனுக்கு டேட்டாக் காசாவது வரும்.

பழைய சாக்குக்கட்டி

தம்பிமார், தங்கச்சிமார், நான் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி 1981இல் திறந்தபோதும், அது 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனபோதும் இந்தப் பக்கத்தில் இருந்தவன். 1995இல் தென்கிழக்கும் வந்தது. முன்பு கணிதம் மேலே படிக்க வேண்டுமென்றால் பேராதனைக்கோ கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மூட்டை கட்ட வேண்டும். இப்போது பஸ் ஏறிப் போய்ப் படிக்கிறீர்கள். ஆகவே விதண்டாவாதி அவர்கள் மன்னிக்க வேண்டும், நான் இந்தப் பிள்ளைகளின் பக்கம்.

ஆனால் ஒரு நிபந்தனை. எழுதி வையுங்கள். ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் க்ளைன் என்ற கணிதப் பேராசிரியர் தன் செமினாரில் பேசியவர் ஒவ்வொருவரும் தான் பேசியதைச் சுருக்கி ஒரு கொப்பியில் கையால் எழுத வேண்டும் என்று வைத்திருந்தார். 1872 முதல் 1912 வரை அப்படி எழுதியவை 29 தொகுதிகள், எண்ணாயிரம் பக்கத்துக்கு மேல். இன்று அவற்றை வருடி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பேசியவர்களில் பலர் அப்போது உங்களைப் போன்ற மாணவர்கள்.

இன்னொரு கொப்பியும் உண்டு. அப்போது போலந்தில் இருந்த லுவோவ் நகரத்துக் கணிதக்காரர் ஒரு தேநீர்க்கடையில் கூடுவார்கள், கடையின் பெயர் ஸ்கொட்டிஷ் கஃபே. மேசைப் பளிங்கில் எழுதி எழுதி அழிந்து போகிறதென்று 1935இல் ஒரு தடித்த கொப்பி வாங்கி, அவிழாத கணக்குகளை அதில் எழுதத் தொடங்கினார்கள். சில கணக்குகளுக்குப் பரிசும் போட்டார்கள். 153ஆவது கணக்கை எழுதிய மஸூர் அறிவித்த பரிசு ஓர் உயிர் வாத்து. 1972இல் சுவீடன்காரரான பேர் என்ஃப்லோ அதைத் தீர்த்தார். வார்சாவில் வைத்து மஸூர் வாத்தைக் கையில் கொடுத்த படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினால் போதும். பேசியவர் இரண்டு பக்கம், கேட்டவர்கள் அவிழாத கேள்வி. பரிசுக்கு எருமைத் தயிர் ஒரு சட்டி, செலவு என்னுடையது.

சம்மாந்துறைக் காக்கா

ஸேரோட தயிர்ச் சட்டிக்கு நானும் ஒரு கை போடுறன்.

தம்பி, நாங்க இதே ரெப்ரசென்டேஷன் தியரிய எங்கட ஆக்களோட செஞ்ச. என்ன நடக்கும் எண்டு செல்றன். முதல் ஆள் புத்தகத்தப் போர்டுல கொப்பி பண்ணுவான். மத்தவங்க போர்டக் கொப்பில கொப்பி பண்ணுவாங்க. எல்லாருக்கும் நல்லாப் போன மாதிரி இரிக்கும். அது செமினார் இல்ல, ஃபோட்டோக்கொப்பிக் கடை.

எங்களுக்கு அது உடைஞ்சது மாஷ்கே தேற்றத்துல. தேற்றம் இதுதான்: ஒரு ஃபைனைட் குரூப் ஒரு வெக்டர் ஸ்பேஸ்ல வேலை செய்யிது. உள்ள ஒரு சப்ஸ்பேஸ குரூப் அசைச்சும் அது தன்னுக்குள்ளயே நிக்குது எண்டா, அதுக்குப் பக்கத்துல அதே மாதிரி நிக்கிற இன்னொரு சப்ஸ்பேஸ் இரிக்கி, ரெண்டும் சேந்தா முழு ஸ்பேஸ். நிறுவல் எல்லாருக்கும் தெரியும்: முழு ஸ்பேஸையும் அந்த சப்ஸ்பேஸுக்குள்ள இறக்கிற ஏதோ ஒரு ப்ரொஜெக்ஷன எடு, குரூப் முழுக்க சராசரி எடு, முடிஞ்சு. பேசின பெடியன் அழகா எழுதி கடைசிப் பெட்டியும் போட்டுட்டான்.

பின் வாங்குல இருந்த ஒராள் கேட்டான்: "சராசரி எடுக்கக்குள்ள குரூப்புட எண்ணிக்கையால வகுத்த. வகுக்க ஏலாட்டி?"

பேசினவன் புத்தகத்தப் பாத்தான். அதுல "எண்ணிக்கை ஃபீல்டுட கெரக்டரிஸ்டிக்கால வகுபடாது எண்டு கொள்க" எண்டு ஒரு வரி முதல்லயே இரிக்கி. (ஃபீல்டு எண்டா கூட்டி, பெருக்கி, வகுக்க ஏலுற எண் கூட்டம். கெரக்டரிஸ்டிக் எண்டா அங்க எத்தின 1 கூட்டினா 0 வரும் எண்டது.) அத அவன் போர்டுலயும் எழுதித்தான் இரிந்தான். சரி, அந்த வரிய எடுத்தா என்ன உடையும் எண்டு கேட்டம். ஆருக்கும் தெரியா. அண்டைக்கு மிச்சத்த விட்டுட்டு அதுலயே குந்தினம்.

ஆகச் சின்னதா எடுத்துக்கொண்டம். ஃபீல்டுல 0, 1 ரெண்டே ரெண்டு எண், 1ம் 1ம் கூட்டினா 0. தளத்துல மொத்தம் நாலு வெக்டர். 0ஐ விட்டா மிச்சம் (1,0), (0,1), (1,1). ஒவ்வொண்டும் தனக்கெண்டு ஒரு கோடு, ஆக மூண்டு கோடு. குரூப்புல ரெண்டு பேர்: ஒராள் சும்மா இரிப்பான், மத்தவன் ரெண்டாவது ஆயத்த முதலாவதோட கூட்டுவான். இப்ப (1,0) அசையாது. (0,1) போய் (1,1) ஆகும். (1,1) போய் (0,1) ஆகும். அவ்வளவுதான்! அசையாத கோடு ஒண்டே ஒண்டு, மத்த ரெண்டும் இடம் மாறுது. அசையாத கோட்டுக்குப் பக்கத்துல நிக்க அசையாத இன்னொரு கோடு இல்லவே இல்ல. எண்ணிக்கை 2, அந்த ஃபீல்டுல 2 எண்டா 0, அதால வகுக்க ஏலா.

போர்டுல மூண்டு கோடு கீறினதும் பின் வாங்குக்காரன் எழும்பி வந்துட்டான். நிறுவல பிறகு ஆரும் மறக்கல்ல, ஏனெண்டா எந்த இடத்துல அது உடையும் எண்டு தெரியும். நான் செல்ற சட்டம் ஒண்டுதான்: ஒவ்வொரு கிழமையும் ஒரு நிபந்தனையப் பிடுங்கி எறிஞ்சு பாருங்க, என்ன விழுது எண்டு.

எப்சிலன்குட்டி

காக்கா எழுதினத வாசிச்சுக்கொண்டே பேப்பர்ல கீறிப் பாத்தன், வந்திச்சு. சந்தோசம்.

நான் தேர்ட் இயர். எனக்குப் பிரச்சினை கணக்கு இல்ல. ஒண்டு, சீனியர் பேசக்குள்ள ஜூனியர் கேள்வி கேட்டா அவரக் குழப்பிற மாதிரி பாப்பாங்க. கேட்டவள் "சோ காட்டுறாள்" எண்டு கன்டீன்ல கதை வரும். ரெண்டு, நேரம். பின்னேரம் அஞ்சுக்குப் பிறகு வெச்சா பஸ்ல போய்வாற பிள்ளையளுக்கு ஏலா. ஏறாவூர், செங்கலடியெண்டா பரவாயில்ல, களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் போறாக்கள் என்ன செய்யிற? மட்டக்களப்போட ரயிலும் முடிஞ்சு. பெடியன்கள் நேரம் வைக்கக்குள்ள இத யோசிக்கிறல்ல. மூண்டு, இங்கிலீஷ். லெக்சர் இங்கிலீஷ், நோட்ஸ் இங்கிலீஷ், ஆனா எனக்குச் சந்தேகம் வாறது தமிழ்ல.

வாவிமீன்

தங்கச்சி, மூண்டும் முக்கியம்.

இங்கிலீஷ் விசயத்துல நான் எப்பவும் சொல்றது: போர்டுல இங்கிலீஷ், வாயில தமிழ். ஒரு ஆள் சிங்களம் மட்டும் தெரிஞ்சவர் வந்தா அண்டைக்கு வாயிலயும் இங்கிலீஷ். இதுக்கு மேல இத இழுக்காதீங்க, மொழிச் சண்டையா முடியும்.

சீனியர் ஜூனியர் கதைக்கு ஒரு பழைய வழி இருக்கு. மொஸ்கோவில கெல்ஃபாண்ட் எண்ட கணிதக்காரர் 1943 தொடங்கி எத்தனையோ பத்து வருசமாத் திங்கக்கிழமைப் பின்னேரம் செமினார் நடத்தினவர். பேசிறவர இடையில நிப்பாட்டி, கேக்கிறாக்கள்ல ஒராள எழுப்பி, இவ்வளவு நேரமும் என்ன சொன்னார் எண்டு நீ சொல்லு எண்டுவார். அதுக்கெண்டே ஒராள நேமிச்சு வெச்சிருப்பார். அவருக்கு விளங்கல்ல எண்டா பேச்சு நகராது. பள்ளிக்கூடப் பிள்ளையளும் வருவாங்க, பெரிய பெரிய ஆக்களும் வருவாங்க, ஒரே அறையில.

நீங்களும் கிழமைக்கு ஒராளுக்கு அந்தப் பொறுப்பக் குடுங்க, ஆகக் கீழ் பெட்ச்ல இருந்து. கேள்வி கேக்கிறது அவளுக்கு அண்டைக்கு டியூட்டி. டியூட்டிய ஆர் "சோ" எண்டு சொல்றது?

பழைய சாக்குக்கட்டி

மன்னிக்கவும், கெல்ஃபாண்ட் முறையை அப்படியே எடுக்க வேண்டாம். அவர் பேசியவர்களை எல்லார் முன்னிலையிலும் நார் நாராய்க் கிழித்தவர் என்பதும் அங்கே இருந்தவர்கள் எழுதி வைத்த கதைதான். அவருக்கு முன்னால் நின்றவர்கள் மொஸ்கோவின் தேர்ந்த பிள்ளைகள், அதைத் தாங்கினார்கள். எங்கள் பிள்ளை ஒருமுறை போர்டில் அவமானப்பட்டால் பிறகு அந்தக் கதவுப் பக்கமே வராது. நான் வகுப்பில் கண்டிருக்கிறேன்.

இதற்காகத்தான் ஒரு விரிவுரையாளர் உள்ளே இருக்க வேண்டும் என்கிறேன். பேசுபவர் தடுக்கினால் கை கொடுக்க ஒருவர் வேண்டும். குருடனுக்குக் குருடன் வழிகாட்டினால் இருவரும் வாவிக்குள்தான்.

சம்மாந்துறைக் காக்கா

ஸேர், மரியாதையோட மறுக்கிறன். லெக்சரர் உள்ள இரிந்தா எல்லாரும் போர்டப் பாக்கிறல்ல, அவர்ர மூஞ்சியத்தான் பாப்பாங்க. அவர் தலையாட்டினா சரி, புருவத்த சுழிச்சா பிழை. பின் வாங்குக்காரன் அந்தக் கேள்விய ஒருநாளும் கேட்டிரிக்க மாட்டான், ஸேருக்குத் தெரியும்தானே எண்டு விட்டிரிப்பான். நாங்க ரெண்டு மணித்தியாலம் தேடின அந்த மூண்டு கோட்ட அவர் ரெண்டு நிமிசத்துல செல்லிரிப்பார், நாங்களும் எழுதிக்கொண்டு மறந்திரிப்பம்.

வாவிமீன்

ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வழி: லெக்சரர் மாசம் ஒருக்கா வரட்டும். அதுவரைக்கும் அவிழாதது எல்லாம் சேர்ர கொப்பியில சேரட்டும். அவர் வாற அண்டைக்குப் பேச்சு இல்ல, அந்தக் கேள்வி மட்டும். சாக்குக்கட்டி சேர் சொன்ன கை குடுக்கிற வேலையும் நடக்கும், மூஞ்சியப் பாக்கிற வேலையும் இல்ல.

சும்மா ஒரு விசயம். ஜெர்மனிக் காட்டுக்குள்ள ஓபர்வொல்ஃபாக் எண்டு ஒரு கணித நிலையம், 1944ல தொடங்கினது. கிழமைக்கு ஒரு கூட்டம் வந்து தங்கிப் படிக்கும். அங்க சாப்பாட்டு மேசையில ஒவ்வொருத்தர்ர பேர் போட்ட நெப்கின் உறையயும் ஒவ்வொரு நேரமும் கலைச்சுத்தான் வைப்பாங்க. எங்க உறை கிடக்கோ அங்கதான் இருக்கோணும். பி.எச்.டி பிள்ளைக்குப் பக்கத்துல உலகம் அறிஞ்ச ஆள் சோறு தின்னுவார், சரி, உருளைக்கிழங்கு. எங்கட ஹோல்ல முன்வரிசை ஸ்டாஃப், நடுவுல பொம்பிளைப் பிள்ளையள், கடைசியில பெடியன்கள். இந்த இருப்ப உடைச்சாலே பாதி செமினார் வந்துரும்.

விதண்டாவாதி

ஸ்டாஃப் வரிசையில நெப்கின் கலைக்கப் போற அந்த வீரன் ஆர்?

நல்லூர்_பை

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். ஒன்லைன் செமினாரும் பாருங்கோ. 2020ல கொரோனாவோட உலகத்துச் செமினார்களை ஒரு இணையத்தளத்தில ஒரே பட்டியலாப் போடத் தொடங்கினவை, அந்தத் தளம் எங்கட நேரத்துக்கே மாத்திக் காட்டும். ஐரோப்பாவில கோடைகாலத்தில பின்னேரம் ரெண்டு மணிப் பேச்சு எங்களுக்கு அஞ்சரை, நல்ல நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில நாலு மணி எண்டால் எங்களுக்கு விடியப்புறம் ஒண்டரை, அதை விடுங்கோ, பதிவு வரும். ஆனால் தனிய இருந்து பாக்காதேங்கோ, பத்து நிமிசத்தில கை யூடியூப்புக்குப் போகும். ஒரு அறையில சேந்து ப்ரொஜெக்டரில போட்டு, விளங்காத இடத்தில நிப்பாட்டிப் பாத்தால்தான் பிரயோசனம்.

கல்லடிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. இண்டைக்கு நாங்க இருந்து கதைச்சம்.

புதன்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, மூண்டரைக்குள்ள முடியும், கல்முனை பஸ் பிடிக்கலாம். கொப்பி வாங்கியாச்சு. லெக்சரர் மாசம் ஒருக்கா, ஒரு மிஸ் ஓம் எண்டுட்டா, அதுவும் கேள்விய ரெண்டு நாளைக்கு முதல் அனுப்பினாத்தான் வருவாவாம், நியாயம்தான். கேள்வி டியூட்டி செக்கன்ட் இயர்ல தொடங்குது.

முதல் கிழமை தேற்றம் ஒண்டும் இல்ல. எஸ் மூண்டு மட்டும், மூண்டு பொருள இடம் மாத்திற 6 வழியும். அத நான் எடுக்கிறன். முக்கோணத்த வெட்டி எடுத்துக் கையால திருப்பிக் காட்டி, கெரக்டர் டேபிள, அதாவது ஒவ்வொரு மேட்ரிக்ஸ்டயும் மூலைவிட்டக் கூட்டுத்தொகைய எழுதிற அட்டவணைய, மூண்டு வரி மூண்டு நிரல்ல நிரப்பிற: முதல் வரி 1, 1, 1; ரெண்டாவது 1, -1, 1; மூண்டாவது 2, 0, -1. வரிக்கு ஒண்டா, மேல உடைக்க ஏலாத மூண்டு ரெப்ரசென்டேஷன், பரிமாணம் 1, 1, 2. அதுகள்ட வர்க்கத்தக் கூட்டினா 6 வருது, குரூப்ட எண்ணிக்கை. ஏன் அப்பிடி வருது எண்டு சொல்றல்ல, அதுதான் கொப்பில முதல் கேள்வி.

ரெண்டாவது கிழமை மாஷ்கே, எப்சிலன்குட்டி எடுக்கிறா. ஓம், எங்கட கம்பஸ்தான், இங்கதான் தெரிய வந்திச்சு.

எப்சிலன்குட்டி

எடுக்கிறன் எண்டு சொல்லிட்டன், இப்ப பயமாக் கிடக்கு. ஆயத்தம் பண்ணக்குள்ளயே ஒரு இடத்துல நிக்கிறன், காக்கா பாருங்க.

வர்க்கத்தக் கூட்டினா எண்ணிக்கை வரும் எண்டத மூண்டு பேர் உள்ள குரூப்புக்குப் பாத்தன், முக்கோணத்த 120 பாகை சுத்துறது மட்டும். ரியல் எண்களுக்கு மேல எடுத்தா, ஒண்டு சும்மா இருக்கிறது, பரிமாணம் 1. மற்றது தளத்தச் சுத்துறது, பரிமாணம் 2, அத உடைக்க ஏலா, ஏனெண்டா எந்தக் கோடும் சுத்தாம நிக்கிறல்ல. 1ட வர்க்கமும் 2ட வர்க்கமும் 5. குரூப்ல 3 பேர்தான். எங்க விட்டன்?

சம்மாந்துறைக் காக்கா

எங்கயும் விடல்ல. அந்தக் கணக்கு கொம்ப்ளெக்ஸ் எண்களுக்கு மேலதான் அப்பிடியே நிக்கும். அங்க உங்கட தளம் ரெண்டாப் பிளந்துரும், 1, 1, 1, கூட்டினா 3.

ரியல்ல ஏன் கூடுது எண்டு பாக்கோணுமா? அந்தச் சுத்தலோட இடம் மாறிப் பெருக்கினாலும் அதே விடை வாற மேட்ரிக்ஸ் எல்லாத்தையும் எடுங்க. எஸ் மூண்டுட ரெண்டு பரிமாணத்துக்கு ஸ்கேலர், அதாவது எல்லாத்தையும் ஒரே எண்ணால பெருக்கிறது மட்டும்தான் வரும். உங்கட சுத்தலுக்கு அப்பிடி இல்ல, வேற எந்தச் சுத்தலும் ஒத்துப் போகும், அதுகள் எல்லாம் சேந்து ரெண்டு பரிமாணம். அந்த 2ஆல உங்கட 4ஐ வகுத்துப் போட்டுக் கூட்டுங்க. 1ம் 2ம் 3.

எஸ் மூண்டு ரியல்லயே 6 குடுத்ததுக்கும் இதுதான் காரணம், கல்லடித் தம்பிக்கு அது தற்செயலா வாச்சிரிக்கி. புதன்கிழமை நீங்க கொம்ப்ளெக்ஸ்லயே நிண்டு மாஷ்கேய முடிங்க. இத மூண்டாவது கிழமைக்குத் தள்ளுங்க, இந்த ஒத்துப் போற மேட்ரிக்ஸப் பத்தின ஷூர்ட லெம்மா வரக்குள்ள திரும்ப வரும். கொப்பில உங்கட 5ஐ அப்பிடியே எழுதி வைங்க, வெட்டாதீங்க.